கதவைப் பிடித்திருந்தவர்

தான் செத்த கணமே கதவு திறந்துகொள்ளும் என்று அப்பா வாதாட ஆரம்பித்தபோது, அண்ணி அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்தது என்றால் ஆட்டத்தில் என்று அண்ணி விளக்கினாள். அதில் அத்தைக்குப் பெரிய ஆறுதல் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். சொல்ல வேண்டியதை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். அண்ணன் மருந்துக்கடை வைத்திருப்பவன்; டாக்டர் சொன்னதைவிட அவர் எழுதிக் கொடுத்த சீட்டு அவனுக்கு நன்றாகப் புரிந்தது. வலிக்கு இருந்தது, தூக்கத்துக்கு இருந்தது, வேறெதற்கும் இல்லை. உள்ளே வந்து அவன் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். அப்படியானால் ஆட்டத்தை முடித்துவிடலாம், மேஜையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

சாப்பாட்டு மேஜைதான். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதில் யாரும் சாப்பிடவில்லை. ஆட்டம் பாதியில் நின்றிருந்தது, காய்களை அசைக்கக் கூடாது. எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த மேஜையை, தூங்கும் குழந்தையைக் கட்டில் மாற்றுவது போல, அண்ணனும் அண்ணியும் அப்பாவின் அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சதுரங்கம் போல ஜெயிப்பதும் தோற்பதும் உள்ள ஆட்டம் இல்லை இது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். தப்பிக்க முடியுமா என்பதைப் பாதி பகடை சொல்லும், பாதி விதிப்புத்தகம் சொல்லும். அண்ணன் கல்லூரியில் படித்தபோது அந்தப் புத்தகத்தின் ஜெராக்ஸோடு வீட்டுக்கு வந்தான். கூட விளையாடிய நண்பர்கள் வேலை கிடைத்துப் பொறுப்பானவர்களாகிவிட்டார்கள். குடும்பத்துக்கு அந்தக் கதி நேரவில்லை.

அண்ணன் அதில் வாள்வீரன். அண்ணி அதில் திருடி. வெளியே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை; வாரம் முழுக்க விசில் ஊதி ஒழுக்கம் வளர்த்த களைப்பு ஞாயிற்றுக்கிழமை திருடினால்தான் போகிறது என்பாள். அப்பா மந்திரவாதி. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றபின் மந்திரவாதியானவர். இரண்டும் ஒரே வேலைதான், உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது என்பார்.

கதை சொல்பவள் வீட்டுக்கு இளையவள், அண்ணனின் தங்கை. விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்பும் அவளுடையதே. அதனால் வீட்டில் அவளுக்கு ஜட்ஜ் என்று பெயர். வெளியே அவளுக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் வேலை. அண்ணன் தேர்வுக்குப் போன அன்று வேறு அதிகாரி யாரும் இல்லை. நிறுத்தக் கோட்டருகே அவன் வண்டி நிற்கவில்லை, நிற்பது போல நடித்தது என்று சொல்லி ஃபெயில் போட்டாள். அண்ணன் இன்றுவரை பஸ்ஸில் போகிறான்.

மேஜையில் நிலவரம் இதுதான். சுரங்கப்பாதை. பின்னால் எலும்புப்படை துரத்திக்கொண்டு வருகிறது. அண்ணனும் அண்ணியும் ஓட வேண்டும். கூடவே ஒரு கழுதையும் ஓட வேண்டும். அது கதையின் தொடக்கத்தில் அப்பா சந்தையில் பிடித்த கழுதை. அதனால் இதுவரை யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று யார் சொன்னாலும் அப்பா காதில் போட்டுக்கொள்வதில்லை. கழுதை மெதுவாகத்தான் போகும். அதனால் மந்திரவாதி பின்தங்கி நின்று, சுரங்கத்தின் கற்கதவை ஒரு மந்திரத்தால் கட்டிவிட்டார். ஆனால் அவர் நின்றது கதவுக்கு அந்தப் பக்கம், எலும்புகளோடு. உயிர் ஒரு மூச்சு மிச்சம். அடுத்த அடியில் சாவார். அது எல்லோருக்கும் தெரியும். செத்தபின் கதவு என்ன ஆகும் என்பதுதான் தெரியாது.

புத்தகத்தில் இருந்தது இவ்வளவே: கட்டியவர் பிடித்திருக்கும்வரை கதவு மூடியிருக்கும், அவர் இடம் மாறினாலோ, வேறு மந்திரம் போட்டாலோ, போதும் என்று விட்டுவிட்டாலோ திறந்துகொள்ளும். செத்தால் என்ன என்று எழுதவில்லை. செத்த மந்திரவாதிகள் வந்து சந்தேகம் கேட்க மாட்டார்கள் என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். அவருக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது.

இந்தக் கேள்வியை எழுப்பியவர் அப்பா; தான் செத்தாலும் கதவு மூடியே நிற்கும் என்பது அவர் கட்சி. ஆகவே வீட்டு வழக்கப்படி அவர்தான் முதலில் எதிர்த்தரப்பைப் பேச வேண்டும். வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. முன்பொரு முறை, தூக்கப்பொடி குதிரைக்கு வேலை செய்யுமா என்ற விவகாரத்தில் அண்ணனும் தங்கையும் போட்ட சண்டையில் விதிப்புத்தகம் பால்கனி வழியாகப் பறந்து வாட்ச்மேனின் குடைமேல் விழுந்தது. அன்றைக்கு அப்பா போட்ட சட்டம்: சந்தேகம் எழுப்புகிறவர் முதலில் தனக்கு எதிராக வாதாட வேண்டும், அதையும் மனசார வாதாட வேண்டும், சப்பென்று வாதாடினால் ஜட்ஜ் திருப்பி அனுப்பலாம். பிறகுதான் தன் பக்கம். தீர்ப்பை, கேள்வி கேட்டவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சொன்ன தீர்ப்பு எல்லோருக்கும் பொது. அதன்பின் வீட்டில் சண்டை குறையவில்லை. ஆனால் நீளமாகவும் நாகரிகமாகவும் நடந்தது.

ஆரம்பிக்கும் முன் அப்பா ஜட்ஜை அருகில் அழைத்தார்.

“இந்த நெலமையில இருக்கானேன்னு எனக்குச் சாதகமாச் சொல்லிடாத. சொன்னேன்னா எழுந்து போயிடுவேன்.”

பாத்ரூம்வரைகூட எழுந்து போக முடியாதவர். ஜட்ஜ் சிரிக்கவில்லை. தேர்வுக்கு வருகிறவர்களிடம் பெல்ட் போடச் சொல்லும் அதே குரலில், ஆரம்பிக்கலாம் என்றாள்.

“மொதல்ல, பிடிச்சிருக்கறதுன்னா கை வேணும்,” என்றார் அப்பா. “செத்தவன் கையில ஒரு டம்ளரக் குடுத்துப் பாரு. நிக்குமா?”

அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அப்பாவின் தங்கை. விளையாட மாட்டாள், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து வளர்ந்த மனுஷங்க செய்கிற வேலையா இது என்று கேட்பாள். புழுங்குகிறது என்று மின்விசிறியைப் போடுவாள். காற்றில் காய்கள் விழும். அப்பா திட்டுவார். அணைத்துவிட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுவாள்.

“ரெண்டாவது,” என்று அப்பா மூச்சு வாங்கினார். அது நீண்டு போயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள். “இந்த வீட்டுலயே இதுக்கு முன்மாதிரி இருக்கு. கல்லறைக் காவல்காரி.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்பா, அத இப்ப எதுக்கு இழுக்கறீங்க?”

இழுக்க வேண்டியதுதான், மனசார வாதாடுவதென்றால். முந்தைய கதை ஒன்றில் ஒரு காவல்காரி இதே மந்திரத்தால் கல்லறைக் கதவைக் கட்டிவைத்திருந்தாள். அண்ணன் அவளை வீழ்த்தினான். அன்று ஜட்ஜ், காவல்காரி விழுந்தாள், கதவு திறந்தது என்று கதையோடு கதையாகச் சொல்லிவிட்டாள். யாரும் கேள்வி கேட்கவில்லை. உள்ளே அண்ணனுக்கு அவனுடைய வாள் கிடைத்தது. மேஜையில் அது ஒரு பல்குத்தும் குச்சி. அண்ணியின் நகப்பூச்சால் வெள்ளி நிறம் தீட்டி, நுனியைத் தேய்த்துக் கூர்மையாக்கி வைத்திருந்தான். கடையில் மாத்திரை எண்ணும் கைகளுக்கு அது கைவந்த வேலை. தொழிலில் ஒரு நாளும் அடையாத பெருமையை அவன் அந்தக் குச்சியில் அடைந்திருந்தான்.

“காவல்காரி செத்ததும் கதவு தெறந்துச்சு. எனக்கு மட்டும் எப்படி மூடியிருக்கும்? அவளுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா?”

அப்பா கண்ணை மூடித் திறந்தார்.

“மூணாவது. செத்தவனெல்லாம் கதவப் பிடிச்சுக்கிட்டே நின்னா, இருக்கறவன் எந்த வழியாப் போறது?”

அண்ணி ஏதோ மறந்துவிட்டதைப் போல எழுந்து போனாள். ஜட்ஜ் விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் தலைகீழாக இருப்பதை அத்தை மட்டும் கவனித்தாள்.

“நல்ல வாதம். ஏத்துக்கறேன்,” என்றாள் ஜட்ஜ். “இப்ப உங்க பக்கம்.”

அப்பாவின் முகத்தில் பழைய குறும்பு வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசும்போது வரும் முகம் அது.

“என் பக்கம் ஒரே ஒரு வரிதான். இரு, கொஞ்சம் தண்ணி குடு.”

ஜட்ஜ் ஸ்பூனில் கொடுத்தாள். பாதி உள்ளே போயிற்று. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நிமிஷம் மத்தியானம்வரை நீண்டது. அண்ணன் நாடியைப் பார்த்துவிட்டுத் தங்கையைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். அவர் கண் திறந்தால், கதவு மூடியே நிற்கும் என்று சொல்லிவிடு, சும்மா ஒரு வார்த்தை, அதில் உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்டான். தெரிந்துபோய்விடும் என்றாள் அவள். நான் எத்தனை பேரிடம் குணமாகிவிடும் என்று சொல்லி மருந்து கொடுக்கிறேன் தெரியுமா என்றான். அவர்களெல்லாம் எதிர்த்தரப்பைப் பேசிவிட்டு வருவதில்லையே என்றாள். அவன் குழாயைத் திறந்து, கழுவ எதுவும் இல்லாமல், மூடினான்.

“கடைசியில அவர ஏமாத்தி அனுப்பச் சொல்றியா, அண்ணா?”

அவன் அதைச் சொல்லவில்லை என்றான். ஆனால் அதைத்தான் சொன்னான் என்பது அவனுக்கும் தெரிந்தது.

திரும்பி வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். அந்த ஒரு வரி என்னவாக இருக்கும் என்று யோசித்தாள். காவல்காரிக்கும் மந்திரவாதிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. செத்த கை எதைப் பிடிக்கும்? எதையும் பிடிக்காது. ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் அப்பா முன்னாலேயே போய் அடைத்துவைத்திருந்தார். மனசார வாதாடியிருந்தார்.

அத்தை மெதுவாக வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மேஜையில் கதவு விழுந்தது. அது ஒரு டோமினோ கட்டை, நிறுத்திவைத்தது. ஜட்ஜ் அதை எடுத்து நிமிர்த்தினாள். மறுபடி விழுந்தது. மறுபடி நிமிர்த்தி, விரலால் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான், விசிறி ஓடுகிறதே என்று யாரும் திட்டவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அவள் உடனே திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், அண்ணனின் கையைப் பிடித்தார்கள், பிறகு மேஜையைப் பார்த்தார்கள். மலர்வளையம் வைக்க இடமில்லை, அதை எடுத்துவிடட்டுமா என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். கூடாது என்றாள் ஜட்ஜ். மலர்வளையங்கள் தரையிலும் வாஷிங் மெஷின்மேலும் இருந்தன.

அப்பாவை எடுத்துப்போக வேன் வருவதற்குள் தீர்ப்பு வேண்டும். கேட்டவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். முகம் இன்று மத்தியானம்வரைதான். அவள் நாற்காலியைக் கட்டிலருகே போட்டு, விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் ஏதோ பிரார்த்தனைப் புத்தகம் படிக்கிறாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்பாவின் பழைய முதலாளி அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அவள் படித்துக்கொண்டிருந்தது தீப்பந்து மந்திரத்தின் சுற்றளவு பற்றிய பகுதி. அதில் ஏதாவது துப்பு கிடைக்குமா என்று.

அத்தை வந்து காதோரம் குனிந்தாள்.

“ஏண்டி, போனவர்கிட்டகூடவா சட்டம் பேசுவ? கதவு நிக்கும்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பேன்.”

“ஒரு பக்கம்தான் கேட்டிருக்கேன், அத்த.”

“இன்னொரு பக்கம் யாரு வந்து பேசுவா?”

“தெரியல. ஆனா பேசாம தீர்ப்பு கெடையாது.”

அத்தை நிமிர்ந்தாள். நீ எங்க அண்ணனுக்கு மேலே இருக்கிறாய் என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். திட்டியதா என்று ஜட்ஜுக்குத் தெரியவில்லை.

வேன் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்த வேன்காரர் மாடிப்படியின் திருப்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இதில் படுத்தவாக்கில் இறக்க முடியாது, லிஃப்டில்தான் நிறுத்திக்கொண்டு போக வேண்டும் என்றார். உறவினர்களுக்குள் ஒரு முனகல் எழுந்தது. ஆனால் அப்பாவே இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்த முதல் நாளே, ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட் வைத்தவன் இங்கே யாரும் சாகவே மாட்டார்கள் என்று நினைத்துவிட்டான் போல என்றார். ஆகவே அவரைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, நிமிர்த்தி நிறுத்தினார்கள். அண்ணன் ஒரு பக்கம், வேன்காரர் மறு பக்கம். ஜட்ஜ் பொத்தானை அழுத்தினாள். கதவு மூடியது. மேஜையில் அப்பாவுக்குக் காயாக இருந்ததும் ஒரு பழைய லிஃப்ட் பொத்தான்தான், எண் தேய்ந்துபோனது.

பாதி வழியில் விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

வேன்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தொழிலில் அவர் பார்க்காத சாவில்லை, ஆனால் தன்னுடையதை அவர் எதிர்பார்த்து வரவில்லை. அண்ணன் செல்போன் விளக்கைப் போட்டான். அது கீழேயிருந்து எல்லோர் முகத்திலும் அடித்து, உயிரோடு இருந்த மூவரையும் பேய்களாக்கியது. வெள்ளைத் துணிக்குள் அப்பா மட்டும் நிதானமாக நின்றுகொண்டிருந்தார்.

ஜட்ஜ் அண்ணிக்குப் போன் செய்தாள். மேலே மெஷின் ரூமுக்கு வாட்ச்மேனையும் அழைத்துக்கொண்டு போகச் சொன்னாள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் அம்புக்குறி இருக்கும், அப்பா போட்டது. ஒருவர் பிரேக்கை விலக்கும் நெம்புகோலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அண்ணி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள்; சுற்ற ஆரம்பிக்கும்போது விசில் கொடுக்கிறேன் என்றாள். மாமனாரின் இறுதி ஊர்வலத்துக்கும் கைப்பையில் விசில் இருந்தது.

“ஏம்மா, கீழ விழுந்துடாதே?” என்றார் வேன்காரர்.

“விழாது. கரன்ட் இருக்கறவரைக்கும்தான் பிரேக் வெலகி நிக்கும். கரன்ட் போனா, அதுவா வந்து பிடிச்சு…”

அவள் நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் வீட்டு விலாசம் போல மனப்பாடமான வாக்கியம் அது. அப்பா சொல்லிச் சொல்லி அதற்குள் அர்த்தம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

“அண்ணா,” என்றாள். “எதிர்த்தரப்பப் பேசு.”

“இங்கயா?”

“கேட்டவர் இங்கதான நிக்கறார்.”

அப்பாவின் பக்கத்தைத் தான் பேசப் போவதாகவும், ஜட்ஜே ஒரு பக்கம் பேசினால் அது பட்சபாதம் என்பதால் அவன் தன்னை முழுமூச்சாக மறுக்க வேண்டும் என்றும் சொன்னாள். சப்பென்று பேசினால் திருப்பி அனுப்புவேன் என்றாள். அண்ணன் ஸ்ட்ரெச்சரின் கம்பியை இறுக்கிப் பிடித்தான். கதவு நிற்க வேண்டும் என்று நேற்றிலிருந்து அலைகிறவன் அவன். வேன்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் ஆரம்பித்தாள். புத்தகத்தில் கதவு திறக்கும் வழிகள் எழுதியிருக்கின்றன: இடம் மாறுவது, வேறு மந்திரம் போடுவது, விட்டுவிடுவது. மூன்றும் உயிரோடு இருக்கிறவர் செய்கிற காரியம். செத்தவர் மூன்றில் எதையும் செய்ய முடியாது. அப்படியானால் கட்டியவர் கதவை மூடிவைத்திருக்கிறவர் இல்லை. அதைத் திறக்கக் கூடியவர். அவர் போனால் திறக்கிற வழி போகிறதே தவிர, கதவு போகவில்லை. கரன்ட் போனால் பிரேக் பிடித்துக்கொள்வது போல.

“பிரேக்குல ஸ்ப்ரிங் இருக்கு, அதனால பிடிக்குது,” என்றான் அண்ணன். வாதம் சப்பென்று இல்லை. “கதவுல என்ன இருக்கு? அவரோட பலம்தான் இருக்கு. ஆள் போனா பலமும் போச்சு.”

“அந்தப் பலத்த அவர்கிட்ட எப்ப வாங்கினோம்?”

அண்ணன் யோசித்தான். “கட்டும்போது.”

“அதுக்கப்பறம்?”

அதற்கப்புறம் வாங்கவில்லை. மற்ற மந்திரங்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பலம் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மட்டும் ஆரம்பத்தில் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் சரி. அப்பா கையிலிருந்ததையெல்லாம் அதில் கொட்டிவிட்டுத்தான் நின்றார். அண்ணனே பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான்.

“குடுக்க வேண்டியத மொதல்லயே குடுத்துட்டார்,” என்றாள் ஜட்ஜ். “அதுக்கப்பறம் கதவு அவர நம்பி நிக்கல.”

அண்ணன் செல்போனை வேறு கைக்கு மாற்றினான். வெளிச்சம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு, அப்பாவின் மூன்றாவது வாதத்தை எடுத்துவைத்தான். செத்தவர்களெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் இருக்கிறவர்கள் எந்த வழியாகப் போவது?

அவள் அப்பா பக்கம் பார்த்தாள். துணியில் முகம் இருக்கும் இடம் அசைவில்லாமல் இருந்தது.

மேலே எங்கோ, பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வருவது போல, நீளமாக ஒரு விசில் கேட்டது. லிஃப்ட் முனகியது. தரை காலுக்குக் கீழே மிக மெதுவாக இறங்க ஆரம்பித்தது. மின்சாரம் வரவில்லை. அண்ணி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கையால விடுவிக்கலாம்,” என்றாள் ஜட்ஜ். “உயிரோட இருக்கறவங்க யாராவது போய், பிடிச்சு, மெதுவா. அதுவாத் தெறக்காது. ஆனா தெறக்க முடியாமலும் போகாது.”

அண்ணன் தலையாட்டினான். பிறகு ஏதோ இடறியவன் போல நிமிர்ந்தான்.

“அப்ப காவல்காரியோட கதவு?”

“அது தெறந்திருக்கக் கூடாது. அன்னைக்கு நான் யோசிக்காமச் சொல்லிட்டேன்.”

“அப்ப என் வாளு.”

தீர்ப்பு எல்லோருக்கும் பொது. செல்போன் வெளிச்சத்தில் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கோட்டருகே வண்டியை நிறுத்தச் சொன்ன அன்று இருந்த அதே முகம். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று நிச்சயமாயிற்று. இது இரக்கத்தில் சொல்கிற தீர்ப்பு இல்லை.

“சரி,” என்றான் அண்ணன். “குடுத்துடறேன்.”

அவள் ஸ்ட்ரெச்சருக்கு நேராகத் திரும்பி நின்றாள். இடம் குறைவாக இருந்ததால் நெற்றி கிட்டத்தட்ட துணியைத் தொட்டது.

“கதவு நிக்கும்ப்பா.”

லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கேள்வியை அடக்கிவைத்திருந்த வேன்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“அந்தப் பக்கம் யாரும்மா தப்பிச்சுப் போறாங்க?”

“நானும் என் மனைவியும்,” என்றான் அண்ணன். “அப்பறம் ஒரு கழுத.”

வேன்காரர் அதைப் பற்றி யோசித்தார். கழுதை என்றால் நேரம் பிடிக்குமே என்றார்.

முதல் மாடியின் தளத்துக்குச் சரியாக வந்து நின்றது. வெளியே இருந்தவர்கள் கதவை இழுத்துத் திறந்தார்கள். அங்கிருந்து கீழ்ப்படிகள் அகலமானவை. பார்ப்பவர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் கட்டியவன் தாராளமாக இருந்திருந்தான். மிச்ச தூரம் அப்பா படுத்துக்கொண்டே இறங்கினார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் அப்பாவின் அறைக்குள் இருந்தது. கட்டிலில் விரிப்பு இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது, யாரும் திறக்கவில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒருவர் பின் ஒருவராக வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அண்ணியின் உள்ளங்கையில் சக்கரத்தின் கிரீஸ் இன்னும் போகாமல் இருந்தது.

இனி எலும்புப்படையின் முறை. ஜட்ஜ் பகடையை எடுத்தாள். ஒருவேளை அடி தவறினாலும் தவறலாம். பகடைக்கு யார் இருக்கிறார் யார் இல்லை என்று தெரியாது. அவள் அதை மறைத்து உருட்டவில்லை. எல்லோரும் பார்க்க நடு மேஜையில் உருட்டினாள்.

அடி பட்டது.

எண் தேய்ந்த அந்தப் பொத்தானை அவள் இரண்டு விரலால் எடுத்து, இருந்த இடத்திலேயே சாய்த்துவைத்தாள். டோமினோ கட்டையைத் தொடவில்லை.

அண்ணன் தன் காயின்மேல் செருகியிருந்த வெள்ளிக் குச்சியை உருவினான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். ஆட்டத்திலிருந்து போன பொருட்களைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவில் அதைப் போட்டு, மூடியை அழுத்தினான். பிறகு தன் காயை நகர்த்தினான். அது ஒரு மருந்துபாட்டில் தக்கை. அண்ணி தன் காயான தையல் விரலுறையை நகர்த்தினாள். இருவரும் பாதை வளைகிற இடம்வரை போய் நின்றார்கள். கழுதை, மூலை தேய்ந்த ஒரு ரப்பர், பின்னால் நின்றது. அதற்கு ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான்.

“காத்திருக்கலாமா?” என்று அண்ணி கேட்டாள்.

காத்திருக்கலாம் என்றான் அண்ணன். அவன் ரப்பரை ஒரு கட்டம் நகர்த்தினான். எலும்புகளின் முறை வந்தது, கதவில் மோதின, கதவு நின்றது. மறுபடி ஒரு கட்டம். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டோமினோ கட்டை லேசாக ஆடியது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய் விசிறியை அணைத்துவிட்டு வந்தாள்.